கண் ஒட்டும் காவலும்: சுண்ணாம்பு, இரும்புத்தூள், ஒரு நூற்றாண்டு வரலாறு

ஓசூர் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது மூன்று: ரோஜாப்பூ, மோட்டார் வண்டி, கைக்கடிகாரம். கிருஷ்ணகிரி என்றால் மாம்பழமும் கிரானைட்டும். 1971-ல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம் ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்த பிறகு, கர்நாடக எல்லையில் இருக்கும் ஜூஜுவாடி வரை கம்பெனிகளும், அவற்றுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகளும் வரிசையாக முளைத்தன. லேத், கிரைண்டிங், வெல்டிங், கல் அறுப்பது, கல்லுக்குப் பாலிஷ் போடுவது... இந்த வேலைகளுக்கெல்லாம் பொதுவான விஷயம் ஒன்று உண்டு. எல்லாமே கண்ணை நோக்கி எதையாவது பறக்க விடும் வேலைகள்!

பறந்து வரும் பொறி முதலில் மோதுவது கார்னியாவில். கைக்கடிகார முள்ளுக்கு மேலே இருக்கும் கண்ணாடியைப் போல, கண்ணின் கருவட்டத்துக்கு முன்னால் இருக்கும் தெளிவான படலம் அது. சுமார் அரை மில்லிமீட்டர்தான் தடிமன். தமிழில் இதை விழிவெண்படலம் என்று பாடப்புத்தகம் சொல்லும். பேச்சு வழக்கில் கருவிழி என்றே சொல்லிவிடுகிறார்கள். அதில் புண் வந்து தழும்பாகிவிட்டால், பின்னால் இருக்கும் விழித்திரையும் நரம்பும் நன்றாக இருந்தாலும் பார்வை மங்கிவிடும். கண்ணாடி கீறிய கடிகாரம் ஓடும், ஆனால் மணி தெரியாது. அதே கதைதான்.

அந்தக் கண்ணாடியை மாற்றுவதுதான் கருவிழி மாற்று அறுவை சிகிச்சை. இறந்தவர் தானமாகக் கொடுத்த கண்ணிலிருந்து சிறு வட்டம் ஒன்றை வெட்டி எடுத்து, தழும்பான இடத்தை நீக்கிவிட்டு அங்கே தைக்கிறார்கள். சுமார் ஒரு மணி நேர வேலை. ஆனால் தைத்த அந்த வட்டத்தில் கிருமி புகாமல் காப்பதற்கு மாதக்கணக்கு, சில சமயம் ஆண்டுக்கணக்கு ஆகிறது. அந்தக் காவல் யார் யார் கைக்கு எப்படி மாறி வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

மானிலிருந்து மனிதனுக்கு

கார்னியாவை மாற்றலாம் என்ற எண்ணம் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இருந்தது. 1837-ல் சாமுவேல் பிக்கர் என்ற அயர்லாந்து மருத்துவர், எகிப்தில் தாம் கைதியாக இருந்தபோது பார்வை இழந்த ஒரு வளர்ப்பு மானுக்கு இன்னொரு மானின் கார்னியாவை வைத்ததாக எழுதினார். அதன் பிறகு பலர் விலங்குகளின் கார்னியாவை மனிதனுக்கு வைத்துப் பார்த்தார்கள். எல்லாம் வெண்மையாகிப் போயின. காரணம் இரண்டு. ஒன்று, மனித உடல் விலங்குத் திசுவை ஏற்கவில்லை. மற்றொன்று, அந்தக் காலத்தில் கத்தியைக் கொதிக்க வைக்க வேண்டும், கையைக் கழுவ வேண்டும் என்பதே மருத்துவர்களுக்குத் தெரியாது! லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தைக் கொண்டு கிருமி நீக்கும் முறையை வெளியிட்டதே 1867-ல்தான்.

வெற்றி கிடைத்தது 1905 டிசம்பர் 7 அன்று. இடம், இன்றைய செக் குடியரசில் உள்ள ஓலோமோட்ஸ் நகரம். மருத்துவர் எட்வர்ட் சிர்ம். நோயாளி அலோயிஸ் குளோகர் என்ற கூலித் தொழிலாளி. சுண்ணாம்பு பட்டு அவருடைய இரண்டு கண்களும் வெந்து போயிருந்தன. கண் கொடுத்தது 11 வயதுச் சிறுவன். இரும்புத் துண்டு பாய்ந்து பார்வை போன அவனுடைய கண்ணை அகற்ற வேண்டியிருந்தது. அந்தக் கண்ணின் முன்படலம் மட்டும் தெளிவாக இருந்தது. சிர்ம் அதிலிருந்து இரண்டு வட்டங்களை எடுத்து குளோகரின் இரண்டு கண்களிலும் வைத்தார். ஒன்று தோற்றது. மற்றொன்று தெளிவாகவே நின்றது. குளோகர் மறுபடி வேலைக்குப் போனார்.

சுண்ணாம்பால் கண் இழந்தவருக்கு, இரும்பால் கண் இழந்தவனிடமிருந்து பார்வை! உலகின் முதல் வெற்றிகரமான கருவிழி மாற்றுச் சிகிச்சையே தொழிலாளியின் கதைதான். கட்டட வேலையும் பட்டறை வேலையும் நிறைந்த ஓசூர் பக்கத்து மனிதர்களுக்கு இந்த இரண்டு பொருளும் இன்றும் அன்றாடம் பழகுபவை.

சிர்ம் எப்படி ஜெயித்தார்? அப்போது பெனிசிலின் கிடையாது, ஸ்டீராய்டு கிடையாது, மைக்ரோஸ்கோப் வைத்துத் தைக்கும் வசதி கிடையாது. அவர் தமக்கென்று சில விதிகளை வைத்துக்கொண்டார். மனிதக் கார்னியா மட்டுமே பயன்படுத்த வேண்டும். கருவிகள் முழுச் சுத்தமாக இருக்க வேண்டும். ஆனால் காரமான கிருமிநாசினி மருந்து கண்ணில் படவே கூடாது, ஏனென்றால் அது ஒட்டு வைக்கும் திசுவையும் சேர்த்துக் கொன்றுவிடும். வெட்டிய வட்டத்தைக் கிருமி நீக்கிய வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த இரண்டு துணிகளுக்கு நடுவே வைத்திருக்க வேண்டும். கிருமியைக் கொல்ல வேண்டும், திசுவைக் கொல்லக் கூடாது! இந்தக் கயிற்றுமேல் நடைதான் அதன் பிறகு வந்த நூறு ஆண்டுக்கும் மேலான ஆராய்ச்சி முழுவதும்.

சென்னையின் பங்கு

உயிரோடு இருப்பவரின் அகற்றிய கண்ணுக்காகக் காத்திருந்தால் எத்தனை பேருக்குச் சிகிச்சை செய்ய முடியும்? 1930-களில் ஒடெசா நகரத்தின் விளாதிமிர் ஃபிலாத்தோவ், இறந்தவரின் கண்ணைக் குளிரில் வைத்திருந்து பயன்படுத்தலாம் என்று செய்து காட்டினார். 1944-ல் நியூயார்க்கில் டவுன்லி பேட்டன் முதல் கண் வங்கியைத் தொடங்கினார்.

அதற்கு அடுத்த ஆண்டே, 1945-ல், இந்தியாவின் முதல் கண் வங்கி சென்னையில் வந்துவிட்டது. எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் டாக்டர் ஆர்.இ.எஸ். முத்தையா அதைத் தொடங்கினார். இந்தியாவின் முதல் கருவிழி மாற்றுச் சிகிச்சையையும் 1948-ல் அவரே செய்தார் என்று பதிவாகியிருக்கிறது. 1819-ல் தொடங்கிய இந்த மருத்துவமனை, லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவமனைக்கு (1805) வெறும் 14 ஆண்டுகள்தான் இளையது. உலகப்போர் முடிந்த கையோடு, நாடு சுதந்திரம் அடைவதற்கு முன்பே, இப்படி ஒரு காரியம் நம் ஊரில் நடந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

கண் வங்கி வந்ததும் காவல் வேலையும் மாறியது. அதுவரை அறுவை அரங்கில் தொடங்கிய காவல், இப்போது இறந்தவரின் வீட்டுக்கே போய்விட்டது. கண் தானம் பற்றிய நோட்டீஸ்களில் இருக்கும் வரிகளைக் கவனித்தால் புரியும். இறந்ததும் மின்விசிறியை நிறுத்துங்கள், இமைகளை மூடி ஈரப்பஞ்சு வையுங்கள், தலையைத் தலையணையில் சற்று உயர்த்தி வையுங்கள், 6 மணி நேரத்துக்குள் கண் வங்கிக்குச் சொல்லுங்கள். இவை வெறும் சடங்கு இல்லை. கார்னியா காய்ந்தால் அதன் மேல்தோல் உரியும், உரிந்த இடத்தில் கிருமி ஏறும். துக்க வீட்டில் யாரோ ஒருவர் மின்விசிறியை நிறுத்துவதுகூட முகம் தெரியாத ஒரு நோயாளிக்குத் தொற்று வராமல் தடுக்கும் முதல் வேலை.

பாட்டிலுக்குள் ஒரு காவல்காரன்

தொடக்க காலத்தில் எடுத்த கண்ணை முழுதாக ஈரக் கண்ணாடிக் குப்பியில் வைத்து, ஐஸ் பெட்டியில் கொண்டு போவார்கள். ஓரிரு நாளுக்குள் பயன்படுத்தியாக வேண்டும். 1974-ல் மெக்கேரி, காஃப்மன் என்ற இரு அமெரிக்கர்கள் ஒரு திரவத்தை உருவாக்கினார்கள். கார்னியாவை மட்டும் வெட்டி அதில் போட்டால் 4 டிகிரி குளிரில் நான்கு நாள் வரை உயிரோடு இருக்கும். 'எம்.கே. மீடியம்' என்று கண் வங்கிக்காரர்கள் சொல்வது இதைத்தான். அதில் கிருமிக்கொல்லி மருந்தும் கலந்திருக்கும். பின்னால் இரண்டு வாரம் வரை தாங்கும் திரவங்களும் வந்தன. மதுரை ஆரோலேப் நிறுவனம் செய்யும் 'கார்னிசால்' அந்த வகை.

இதில் ஒரு வேடிக்கையான சிக்கல் உண்டு. திரவத்தில் கலக்கும் ஜென்டாமைசின் போன்ற மருந்து குளிரில் சரியாக வேலை செய்யாது. திசு கெடாமல் இருக்கக் குளிர் வேண்டும், கிருமி சாக வெதுவெதுப்பு வேண்டும்! அதனால் அறுவைக்கு முன்னால் பாட்டிலை வெளியே எடுத்து அறை வெப்பத்துக்கு வர விடுகிறார்கள். பூஞ்சைக்கு அந்த மருந்தும் பயன்படாது. எனவே பாட்டிலை மட்டும் நம்பாமல் பல வாசல்களில் சோதனை வைத்திருக்கிறார்கள். கண் கொடுத்தவரின் இரத்தத்தில் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ் சோதனை உண்டு. வெறிநாய்க்கடி நோயில் இறந்தவர், இரத்தத்தில் கிருமி பரவி இறந்தவர், இறந்த காரணம் தெரியாதவர் ஆகியோரின் கண்ணை ஒட்டுக்கு எடுப்பதில்லை. கண்ணை எடுக்கும்போதே அதை அயோடின் கரைசலால் கழுவுகிறார்கள். நடு வட்டத்தை வெட்டிய பிறகு மிஞ்சும் ஓர வளையத்தைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பும் வழக்கமும் பல மருத்துவமனைகளில் உண்டு. நோயாளிக்குப் பிறகு தொற்று வந்தால், எந்த மருந்து கேட்கும் என்று அந்த வளையம் முன்கூட்டியே சொல்லிவிடும்.

எல்லைக்கு அந்தப் பக்கம்

ஓசூரிலிருந்து பெங்களூர் சுமார் 40 கிலோமீட்டர். சென்னை 300 கிலோமீட்டருக்கு மேல். பெரிய கண் சிகிச்சை என்றால் ஓசூர்க்காரர்கள் பலர் அத்திப்பள்ளி தாண்டிப் போவதில் ஆச்சரியம் இல்லை. அந்தப் பக்கத்தின் கண் தான வரலாற்றில் மறக்க முடியாத பெயர் கன்னட நடிகர் ராஜ்குமார். அவர் பிறந்த காஜனூர் இன்று தமிழ்நாட்டில், ஈரோடு மாவட்டத்தில் இருக்கிறது. 1994-ல் பெங்களூர் நாராயணா நேத்ராலயாவில் அவர் பெயரில் கண் வங்கி தொடங்கியது. 2006-ல் அவர் இறந்தபோது அவருடைய கண்களும் தானமாகின. 2021 அக்டோபரில் அவருடைய மகன் புனித் ராஜ்குமார் திடீரென்று இறந்தபோது, அவருடைய இரண்டு கார்னியாக்களையும் அடுக்கு அடுக்காகப் பிரித்து நான்கு பேருக்குப் பொருத்தினார்கள்.

இந்த அடுக்கு முறைக்கும் தொற்றுக்கும் தொடர்பு உண்டு. பின் அடுக்கு மட்டும் கெட்டவருக்கு அந்த மெல்லிய தாளை மட்டும் உள்ளே வைத்து, காற்றுக் குமிழியால் ஒட்ட வைக்கிறார்கள். தையல் மிகக் குறைவு. தையல் குறைந்தால் கிருமி நுழையும் வாசலும் குறையும். ஆனால் இரும்புத்தூளும் கல்லும் பட்டு ஆழமாகத் தழும்பான கண்ணுக்கு இது உதவாது. அங்கே பெரும்பாலும் பழைய முழு ஒட்டும், சுற்றிலும் முடியைவிட மெல்லிய நைலான் தையலும்தான்.

அறுவை அரங்கின் காவலுக்கு 1980-களில் ஒரு மலிவான ஆயுதம் கிடைத்தது. போவிடோன் அயோடின். புண்ணுக்குப் போடும் அதே பழுப்பு நிற மருந்தைக் கண்ணுக்கு ஏற்ற அளவில் நீர்த்து, கத்தி படுவதற்கு முன் சில நிமிடம் கண்ணில் விட்டால் இமையோரக் கிருமிகள் வெகுவாகக் குறைகின்றன. 1991-ல் வந்த ஓர் ஆய்வு, இதனால் கண்ணுக்குள் சீழ் பிடிப்பது குறைவதைக் காட்டியது. இன்று பெரும்பாலான கண் அறுவைகள் இது இல்லாமல் தொடங்குவதில்லை.

ஒரு வாசல் திறந்திருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2019 ஜூலையில் பெங்களூர் மின்டோ அரசு கண் மருத்துவமனையில் கண்புரை அறுவை செய்துகொண்ட இருபதுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று ஏற்பட்டது. பலர் அந்தக் கண்ணில் பார்வை இழந்தார்கள். அறுவையின்போது கண்ணுக்குள் செலுத்திய கொழகொழப்பான திரவத்தில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா இருந்ததாக விசாரணையில் தெரிந்தது. அது கருவிழி மாற்று இல்லை, புரை அறுவைதான். ஆனால் பாடம் ஒன்றே. மருத்துவர் கை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ஒரு பாட்டில் போதும்.

கடைசிக் காவல்காரர் நோயாளியே

இதுவரை சொன்ன எல்லாக் காவலும் நோயாளி டிஸ்சார்ஜ் ஆகும் நாளோடு முடிகிறது. ஆபத்து முடிவதில்லை. அதற்கு நான்கு காரணங்கள்.

முதலாவது, கார்னியாவில் இரத்தக் குழாய் கிடையாது. அதனால்தான் அது தெளிவாக இருக்கிறது, அதனால்தான் மற்றவர் திசுவையும் ஏற்கிறது. ஆனால் அதே காரணத்தால் காயம் ஆற ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

இரண்டாவது, ஸ்டீராய்டு சொட்டு மருந்து. உடல் ஒட்டை எதிர்த்துத் தள்ளிவிடாமல் இருக்க இதை மாதக்கணக்கில் விட வேண்டும். எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து என்பதால் கிருமிக்கும் அது வசதி. மருந்தை நிறுத்தினால் ஒட்டு போகும், மருந்து விடும்போது தொற்று வந்தால் சீக்கிரம் முற்றும். சிர்ம் நடந்த அதே கயிறு! பூஞ்சைப் புண்ணுக்காக ஒட்டு வைத்தவர்களுக்குத் தொடக்கத்தில் ஸ்டீராய்டு கொடுக்காமல் மருத்துவர்கள் காத்திருப்பதும் இதனால்தான்.

மூன்றாவது, தையல். நாள் போகப் போக ஏதாவது ஒரு தையல் தளரும் அல்லது அறுந்து வெளியே நீட்டும். தளர்ந்த நூலில் கண்ணீரின் பிசுக்கும் கிருமியும் சேரும். ஒட்டு வைத்து ஓராண்டு, இரண்டாண்டு கழித்து வரும் தொற்றுகளில் பல இந்த நூலில்தான் தொடங்குகின்றன.

நான்காவது காரணம்தான் பலருக்குத் தெரியாதது. ஒட்டு வைக்கும்போது கார்னியாவின் நரம்புகள் வெட்டப்படுகின்றன. அந்த இடத்தில் உணர்ச்சி திரும்ப நெடுங்காலம் ஆகும். சாதாரணக் கண்ணில் ஒரு தூசி விழுந்தால் உயிரே போவது போல் இருக்கும். ஒட்டு வைத்த கண்ணில் தூசி விழுந்தாலும், நூல் நீட்டினாலும், அவ்வளவாகத் தெரியாது. வலிக்கவில்லை என்பதை நல்ல சேதி என்று நினைத்துவிடுகிறார்கள்.

இந்த நான்கையும் ஓசூர்ப் பக்கத்து வாழ்க்கையோடு சேர்த்துப் பாருங்கள். வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. கண் கொஞ்சம் தெரிய ஆரம்பித்ததும் மறுபடி கிரைண்டிங் மெஷின் முன்னால் உட்கார வேண்டும், அல்லது குவாரிக்கோ ராகி அறுவடைக்கோ போக வேண்டும். செக்கப்புக்கு அரை நாள் பஸ், அன்றைய சம்பளம் போச்சு. வெளிமாநிலத்திலிருந்து வந்து ஷெட்டில் பத்துப் பேரோடு தங்கியிருப்பவருக்குச் சொட்டு மருந்து விட உதவிக்கு ஆள் இல்லை. மருந்துக் கடையில் அதே மாதிரி ஒரு பாட்டில் வாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றும். ஒட்டு தோற்பதற்குச் சோம்பல் மட்டும் காரணம் இல்லை, பணமும் தூரமும் காரணம்.

மருத்துவர்கள் சொல்லும் விதிகள் எளிமையானவை. சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே மருந்து விட வேண்டும். பாட்டில் நுனி இமையிலோ விரலிலோ படக் கூடாது. மருத்துவர் சொன்ன நாட்கள் வரை தலைக்குக் குளிக்கும்போது கண்ணில் தண்ணீர் போகக் கூடாது. ஏரி, கிணற்றுக் குளியல் வேண்டாம். கண்ணைக் கசக்கக் கூடாது, தூங்கும்போது கவசம் வேண்டும். வேலைக்குத் திரும்பினால் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். எல்லாவற்றுக்கும் மேலாக, சிவப்பு, வெளிச்சம் கூசுதல், பார்வை மங்கல், வலி ஆகிய நான்கில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். நாளைக்கு இல்லை, ஞாயிற்றுக்கிழமை லீவுக்கு இல்லை, அன்றைக்கே.

ஒட்டே தேவைப்படாமல் செய்ய முடியுமா?

முடியும் என்று காட்டியது நேபாளமும் மதுரையும். 1994-ல் மூன்று மாதங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கார்னியா புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேர் முதலில் கண்ணில் அடிபட்டவர்கள். கிருமி தெரிய வந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குப் பாக்டீரியா, பாதிப் பேருக்குப் பூஞ்சை. நெல் உமி, குச்சி, மண் என்று ஒரு சின்னச் சிராய்ப்பு. அதன் மேல் தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு என்று வீட்டு வைத்தியம். பட்டறையாக இருந்தால் பக்கத்து ஆள் வேட்டி நுனியாலோ தீக்குச்சியாலோ 'தூசி எடுப்பது'. அதில்தான் புண் தொடங்குகிறது.

நேபாளத்தின் பக்தபூரில் நடந்து 2001-ல் வெளியான ஆய்வு இன்னும் ஆச்சரியமானது. கண்ணில் சிராய்ப்பு பட்ட 442 பேருக்குக் கிராமத்து சுகாதாரப் பணியாளர்களே குளோராம்பெனிக்கால் களிம்பைத் தினம் மூன்று வேளை, மூன்று நாள் கொடுத்தார்கள். அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் வந்த 284 பேரில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. ஒரு நாள் கழித்து வந்த 49 பேரில் 14 பேருக்குப் புண் வந்துவிட்டது. அதே களிம்பு, அதே கை. வித்தியாசம் சில மணி நேரம்தான்! பின்னர் மதுரைப் பக்கக் கிராமங்களிலும் இதே வழியில், பூஞ்சைக்கான களிம்பையும் சேர்த்துக் கொடுத்து நல்ல பலன் கண்டார்கள்.

இந்த இரண்டு ஆய்வுகளும் வயல்வெளி மக்களிடம் நடந்தவை. பட்டறை மக்களுக்கும் அதே கணக்குதான் பொருந்தும். கண் வங்கி, குளிர்பெட்டி, மைக்ரோஸ்கோப் எல்லாம் வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் முதல் பொறி விழுந்த அன்றே ஒரு தொழிலாளி கூலி போகுமே என்ற பயமில்லாமல் மருத்துவரிடம் போக முடிந்தால், அவருக்கு இன்னொருவரின் கண்ணே தேவைப்படாமல் போகலாம். ஒட்டு வைத்தவருக்கும் இதே உதவிதான் வேண்டும்: செக்கப் நாளில் சம்பளத்தோடு லீவு, கையில் ஒரு பாதுகாப்புக் கண்ணாடி, கண் சிவந்தால் அன்றைக்கே போக ஒரு வழி. முதலாளிகளும் சூப்பர்வைசர்களும் மேஸ்திரிகளும் மனது வைத்தால் இது பெரிய செலவு இல்லை.

ஒட்டு வைத்த ஒவ்வொரு கண்ணுக்கும் பின்னால் ஒரு துக்க வீடு இருக்கிறது. அழுகைக்கு நடுவிலும் அங்கே யாரோ ஒருவர் போன் செய்து, மின்விசிறியை நிறுத்தி, அந்தக் கண்ணைக் காத்துக் கொடுத்திருக்கிறார்கள். அதை வாங்கிக்கொண்டவரின் கண் கவனிப்பில்லாமல் சீழ் பிடித்துப் போனால், இழப்பு இரண்டு குடும்பத்துக்கும்தான்.